அவுன்ஸ் கிளாஸ்

ஆறாம் வகுப்பில் எனக்கு விஞ்ஞானத்தின் மேல் அசாத்திய நம்பிக்கை. சரியாக அளந்தால் போதும், எதையும் சீர்செய்துவிடலாம். அந்த வருடம்தான் அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டதாகக் கோயமுத்தூரில் சொல்லி அனுப்பினார்கள். எழுபதுகளில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அதற்கு வைத்தியம் உப்பில்லாச் சோறும் அளந்த தண்ணீரும்தான். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷின் எங்கோ இருப்பதாகக் கேள்வி. எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அளக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கோடு போட்ட அவுன்ஸ் கிளாஸ், ஒரு நோட்டு. ஒரு நாளைக்குப் பதினாறு அவுன்ஸ். காப்பியும் மாத்திரைக்குக் குடிப்பதும் அதில் அடக்கம்.

வீங்கிய காலைக் கட்டிலில் நீட்டியபடி அப்பா கெஞ்சுவார். "ஏ அம்முணி, ஒரு முழுங்கு சேத்தி ஊத்து."

"நாளைக்குத்தானுங்கப்பா."

"எங்கூட்டு ரேஷன் கடைக்காரி" என்பார் அம்மாவிடம். "அரிசியாவது கள்ளத்துல கெடைக்கும். இவகிட்ட அதுவும் நடக்காது."

தென்னந்தோப்பு வைத்திருந்தவருக்கு இளநீர் விலக்கு. பார்க்க வரும் உறவுகளுக்கு அது மட்டும் புரியவேயில்லை. எல்லாம் உடம்புச் சூடு, நாலு இளநீரில் இறங்கிவிடும் என்று சீவியே கொண்டுவருவார்கள். அத்தனையையும் எருமைத் தொட்டியில் கவிழ்த்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்பா படுத்திருப்பார்.

மாசியில் அவருக்கு விக்கல் நிற்கவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டல். சித்தூரிலிருந்து டாக்டரை அழைத்து வந்தார்கள். என் அளவைக் காட்டலாம் என்று நோட்டோடு கதவோரம் நின்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. அம்மாவிடம் மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "இனி விலக்கு ஒண்ணும் வேண்டா. கேக்கறது கொடுத்தோ."

"இளநியுங்களா?" என்றாள் அம்மா.

"கொடுத்தோ."

அதற்குமேல் நான் நிற்கவில்லை. தோப்புக்கு ஒரே ஓட்டம். தேங்காய் பறிக்க வந்திருந்த மரமேறியிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். "அப்பாவுக்கு நல்லாயிருச்சுங்க. டாக்டரே இளநி குடுக்கச் சொல்லிட்டாரு."

எப்போதும் என்னைச் சீண்டுகிறவர், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "அப்படீங்களா அம்முணி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிணற்றோரத்துச் செவ்விளநீர் மரத்தில் ஏறினார். அப்பா யாரையும் கைவைக்க விடாத மரம். குலையைக் கயிற்றில் கட்டி, ஒரு காய்கூடத் தரையில் மோதாமல் இறக்கினார்.

அம்மா தலையைத் தாங்கிப் பிடிக்க, அப்பா இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது தாடையில் வழிந்தது. ஒரு முழுங்குக்கு அத்தனை நாள் கெஞ்சியவர், முழுக் காய் முன்னாலிருக்க, "போதும்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நீ அளந்து ஊத்துனதுல தேறிட்டன் பாரு."

அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அவுன்ஸ் கிளாஸைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, இனி எடுக்க வேண்டியிருக்காது என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

அப்பா அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தார். நான்கு நாளும் பள்ளிக்கூடம் முழுக்க, எங்கப்பாவுக்குக் குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.