தறி நின்ற காலை

என் மகனுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. கழுத்து நின்றது, உட்கார்ந்தான், நடந்தான். எல்லாம் வரிசைப்படி வந்தது. அங்கன்வாடி அட்டையில் எடையும் உயரமும் ஏறின. பேச்சு மட்டும் இல்லை.

சோமனூர்ப் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக்கூடம். எட்டு விசைத்தறிகள், ஓட்டுவது நானும் கணவரும். அந்தச் சத்தத்தில் எவரும் பேச முடியாது. டீ என்றால் ஒரு கைச்சாடை, நூல் அறுந்தால் ஒரு சாடை. தண்ணீர் வேண்டுமென்றால் மகனும் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவான். கெட்டிக்காரன் என்று சிரித்தோம். முட்டாள்கள்.

காங்கேயத்திலிருந்து வந்த நாத்தனார் சும்மா போகவில்லை.

"ஏன் அம்மணி, எம்பட பேத்தி இவனுக்கு எளையவ. அவ வாய மூட மாட்டேங்கறா. இவனுக்குக் காதுல கோளாறாட்ட இருக்குது."

"எல்லாரும் உங்கூட்டு ஆளுக மாதிரி வாயோடவே பொறப்பாங்களா, நங்கையா?" என்றேன். காபியைக் குடிக்காமல் எழுந்து போனாள். போகட்டும். ஆனால் அவள் சொன்னது போகவில்லை.

கோவையில் டாக்டர் கேட்டார்: "பின்னாடி நின்னு கூப்பிட்டாத் திரும்பறானாங்க?"

எங்கள் வீட்டில் யார் யாரைக் கூப்பிட்டோம்? போய்த் தோளைத் தொடுவோம், அவ்வளவுதான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வேகம் உண்டு, ஆனாலும் முதலில் காதைப் பார்த்துவிடலாம் என்றார். பரிசோதனைக்கு இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள்.

"பாத்துக்கலாம், விடு கண்ணு" என்று கணவர் தறிக்குப் போய்விட்டார். இரண்டு வாரமும் பயத்தை நான் மட்டும் சுமந்தேன்.

இடையில் மாதாந்திர மின்தடை நாள் வந்தது; மற்ற மாதங்களில் அன்று விடியலிலேயே தறியை நிறுத்திவிட்டு வெளியே கிளம்பிவிடுவோம். கரண்ட் போனதும் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். மகன் தரையில் நூல் தீர்ந்த தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்கு எட்டுத் தறியும் ஒன்றாக நின்றன.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் உடம்பு தூக்கிப்போட்டது. கூரையைப் பார்த்தான், தறிகளைப் பார்த்தான், வீறிட்டு அழுதான். பிறந்ததிலிருந்து கேட்டுவந்த சத்தம் ஒரே நொடியில் காணாமல் போய்விட்டதே.

காது கேட்டிருக்கிறது. நான்தான் அவனிடம் பேசவே இல்லை.

"கண்ணு" என்றேன். என் குரல் எனக்கே கரகரவென்று அந்நியமாக இருந்தது. திரும்பினான். என் வாயையே பார்த்தான்.

பரிசோதனையிலும் காது சரி என்றார்கள். இப்போது மத்தியானம் ஒரு மணிநேரம் என் நாலு தறியை நிறுத்திவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு தூரத்துத் தென்னந்தோப்புக்குப் போகிறேன். கணவர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். அங்கே உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசுகிறேன். மரம், ஆடு, சோறு. பாதி நேரம் நாத்தனாரைத் திட்டுகிறேன்.

இன்னும் சொல் வரவில்லை. நேற்று, திட்டி முடித்து மூச்சு வாங்கியபோது, "ம்" என்றான்.

கல்யாணமாகி வந்த ஆறு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் எனக்கு "ம்" கொட்டியதில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.