அன்றைய ஆஃபும் நிஜ ஆஃபும்

எலக்ட்ரீஷியன் யாரையும் நம்ப மாட்டார். மெயினை இறக்கியாயிற்று, தைரியமாக வேலையைப் பாருங்கள் என்று வீட்டுக்காரர் பிள்ளைமேல் சத்தியம் செய்தாலும் சரி, டெஸ்டரை ஒயர் நுனியில் வைப்பார். அது எரியாவிட்டாலும் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். உள்ளங்கை என்றால் ஷாக் அடித்ததும் விரல்கள் மடங்கிக் கம்பியையே இறுகப் பிடித்துக்கொள்ளும். புறங்கை உதறிக்கொண்டு வந்துவிடும். காப்பியில் சர்க்கரை போட்டாயிற்று என்று மனைவி சொன்னாலும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அந்த அம்மாளும் இதையெல்லாம் சகித்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவருக்குக் கடைசி பெஞ்சு, சுவிட்ச் போர்டுக்குப் பக்கம். கரண்ட் போனால் பார்க்க ஆள் வேண்டாமா என்பார். தேவன் உங்களை நேசிக்கிறார் என்று போதகர் வாராவாரம் சொல்லும்போது, மெயினை இறக்கிவிட்டதாகச் சொல்லும் வீட்டுக்காரரைப் பார்க்கிற அதே பார்வை பார்ப்பார். சுவரிலிருக்கும் சிலுவைப் பக்கம் மட்டும் கண் போகாது. எல்லாம் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதுதான் அவருடைய தொல்லை.

தெரியக் கூடாதது ஒன்று இருந்தது. மனைவியின் தம்பியும் அவரோடுதான் வேலை பார்த்தான். ஒரு கட்டடத்தில் ஏணி மேல் நின்றுகொண்டு, ஆஃபா மாமா என்று கேட்டான். இவர் கீழே யாரிடமோ அரட்டை அடித்தபடியே ஒரு சுவிட்சை இறக்கி, ஆஃப் பண்ணியாச்சு மாப்ள என்றார். இறக்கியது பக்கத்துச் சுவிட்ச். மச்சினனின் வலது கை முழங்கையோடு போயிற்று. விசாரிக்க வந்தவர்களிடம், அவன் கேட்காமலே ஏறிவிட்டான் என்று இவர் கூசாமல் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனும் அதையே சொன்னான். அடித்த அடியில் எல்லாம் மறந்துவிட்டது போலும் என்று நினைத்ததில் நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை நினைத்தால் பயமாக இருந்தது. மனுஷனுக்கு மறந்துவிட்டது, மேலே இருப்பவருக்கு மறக்குமா?

மச்சினனுக்கு ஆலயத்திலேயே மணி அடிக்கிற வேலை கிடைத்தது. ஒத்தக் கைக்கு ஒத்தக் கயிறு, பொருத்தம் பாத்துக் குடுத்திருக்காங்க என்று சிரிப்பான்.

கோபுர உச்சியில் விளக்குப் பொருத்திய இரும்புச் சிலுவை ஒன்று உண்டு. வெள்ளையடிக்க ஏறிய பெயிண்டர் அதைத் தொட்ட வேகத்தில் இறங்கி வந்து, தான் பாவிதான் என்றாலும் அதற்காகச் சிலுவையே ஷாக் அடிக்கலாமா என்று போதகரிடம் சண்டைக்கு நின்றார். எங்கோ ஒயர் உரிந்து கரண்ட் கசிகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். இடுப்பு வலி என்று நழுவப் பார்த்தார், மனைவி விடவில்லை.

மச்சினன் கீழே மணி அறையில் சுவிட்ச் பக்கத்தில் நின்றான். இவர் உச்சிக்குப் போய் டெஸ்டரை உருவினார். அது கை நழுவி, ஓட்டில் உருண்டு, தெருவில் விழுந்தது. மூக்குக்கு நேரே சிலுவை.

"மாப்ள, ஆஃபா?"

"ஆஃப் பண்ணியாச்சு மாமா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. அன்னைக்கு நீங்க சொன்ன ஆஃப் இல்ல, இது நிஜ ஆஃப்."

கரண்ட் இல்லாமலே அவருக்கு ஷாக் அடித்தது.

"உனக்கு... ஞாபகம் இருக்கா?"

"கை மட்டுந்தானே மாமா போச்சு. காது நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா அப்படிச் சொன்ன?"

கோபம் இல்லாமலா இருந்தது என்றான் மச்சினன்; உண்மையைச் சொன்னால் லைசென்சும் போகும், அக்காவும் தெருவுக்கு வருவாள், ஒரு வீட்டுக்கு ஒரு ஷாக் போதாதா என்று தோன்றியதாம். "அதுவும் போக மாமா, என்னப் பத்தி எல்லாம் தெரிஞ்சே ஒருத்தர் என் அடிய வாங்கிக்கிட்டாரு. உங்களுக்காக நான் கொஞ்சம் வாங்கிக்கக் கூடாதா?"

இத்தனை வருஷமாக ஒரே பந்தியில் உட்கார்ந்து, இவர் இலையைப் பார்த்துக் கேலி பேசிக்கொண்டிருந்தவன் எல்லாம் தெரிந்தவன். தெரிந்துவிட்டால் தொலைந்தோம் என்று பயந்துதான் கடைசி பெஞ்சில் ஒளிந்திருந்தார். எதிரே நின்றதோ, தெரிந்த பிறகும் ஏறியவரின் சிலுவை. பிடித்துக்கொடுக்க ஏறியவர் இல்லை. தம்மையே கொடுக்க ஏறியவர்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அத நீங்கதான் சொல்லணும். அதையும் நானே செய்யவா?"

பழக்கத்தில் புறங்கை முன்னே போயிற்று. பாதியில் நின்றது. திருப்பி, உள்ளங்கையை இரும்பின்மேல் வைத்தார். வெயிலில் காய்ந்த சூடு, வேறொன்றும் இல்லை. ஆனாலும் விரல்கள் மடங்கி, இறுகப் பிடித்துக்கொண்டன.

"மாமா, என்ன சத்தத்தையே காணோம்? இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்ள" என்றார். "கையத்தான் எடுக்க வரல."