பக்கத்து வீட்டு நீலக் கார்

குகெலிஸ் தட்டு ஆறுவதற்குள் அல்டோனா ரிம்குஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். தெருவில் சாமான் லாரி வந்து நின்ற நாளென்றால் அவளுக்கு அடுப்பை அணைக்கக்கூடப் பொறுமை இருக்காது. துருவிய உருளைக்கிழங்கும் முட்டையும் பன்றிக்கொழுப்பும் சேர்த்து வேகவைத்த அந்தப் பலகாரம் ஆறிவிட்டால் கல். சூட்டோடு கொண்டுபோனால்தான் புதிதாகக் குடிவந்தவர்கள் "உள்ள வாங்க" என்பார்கள். உள்ளே போவதுதான் காரியம். அவர்களுடைய சமையலறையைப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

திரும்பி வந்ததும் கணவனிடம் தகவல் சொல்வாள்.

"சுத்தம்னா சுத்தம், விட்டாஸ். அடுப்புக்குப் பின்னாடி விரலை விட்டுப் பார்த்தேன். நம்ம வீடே தோத்துடும்." குரலில் லேசான ஏமாற்றம் இருக்கும்.

"அப்புறமென்ன, நல்லதுதானே?"

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா…"

அந்த 'ஆனா'வை அப்படியே விட்டுவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கிவிடுவாள். சிகாகோவின் தென்மேற்கு மூலையில், செங்கல் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் அந்தத் தெருவில், அந்த வருடங்களில் எல்லா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதே 'ஆனா' உட்கார்ந்திருந்தது. முதலில் தெருக்கோடியில் ஒரு கறுப்பர் குடும்பம் வந்தது. பிறகு நடுவில் ஒன்று. பிறகு பக்கத்து வீட்டிலேயே மெய்பெரி குடும்பம். ஒவ்வொரு லாரி உள்ளே வரும்போதும் வெள்ளையர்களின் இரண்டு லாரிகள் வெளியே போயின. ஞாயிற்றுக்கிழமை லிதுவேனியப் பூசையில் பாடகர் குழு மெலிந்துகொண்டே வந்தது. கூடவே வளர்ந்த தோழிகள் புறநகரிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பினார்கள். யார் வீட்டு வாசலில் யார் விளக்குப் போடுகிறார்கள் என்று அந்தி நேரத்தில் அல்டோனா தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பழைய பெயர்கள்தான் முதலில் வாயில் வரும்.

"வசந்தம் வரட்டும், நாமளும் கிளம்பிடலாம்" என்பது அவளுடைய குளிர்காலப் பாட்டு. வசந்தம் வரும். அவள் ஊன்றிய டூலிப் கிழங்குகள் முளைத்திருக்கும். பூக்காமல் எப்படிப் போவது? பூத்து முடிந்தால் மகள் ரீட்டாவுக்குப் பள்ளி விழா. அப்புறம் வெயில், வெயிலில் யார் சாமான் தூக்குவது?

விட்டாஸ் சீண்டுவான். "எங்கப்பா இங்க வீடு வாங்கினப்போ, 'லிதுவேனியாக்காரன் வந்துட்டான், தெருவே முட்டைக்கோஸ் நாத்தம்'னு ஐரிஷ்காரங்க ஜன்னலைச் சாத்தினாங்களாம்."

"அது வேற."

"என்ன வேற?"

"உங்கம்மா சமையல் நிஜமாவே நாறும்."

ரீட்டாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவளும் மெய்பெரி வீட்டு வனெட்டாவும் நடைபாதையில் இரண்டு கயிறுகளை எதிரெதிராகச் சுழற்றவிட்டு, நடுவில் புகுந்து குதிப்பார்கள். ரீட்டா மூன்றாம் குதியில் தடுக்குவாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் அல்டோனா, "காலைத் தூக்குடி, கழுதை" என்று முணுமுணுப்பாள். மகள் தடுக்காமல் குதித்த அன்று தன்னையறியாமல் கைதட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

வீட்டுத் தரகர் கிரிம்ஸின் தொலைபேசி வராத வாரம் கிடையாது. தேன் குரல். "மேடம், உங்க பின்தெருவுலயும் வந்துட்டாங்க. இப்ப வித்தா வீட்டு விலை, அப்புறம் வித்தா விறகு விலை. நான் ஒண்ணும் பயமுறுத்தல." பயமுறுத்தவில்லை என்று அவர் சொல்லும்போதெல்லாம் அல்டோனா ஜன்னல் வழியாகப் பின்தெருவை எட்டிப் பார்ப்பாள். ஒருவழியாக அந்த ஜனவரியில் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். வீட்டில் நிம்மதி வேண்டுமென்று விட்டாஸ் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தான். அவளுடையதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

வியாழன் முழுக்கப் பனி கொட்டியது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது தெருவில் கார்கள் இல்லை, வெள்ளை மேடுகள்தான் இருந்தன. விட்டாஸுக்கு முதுகுப் பிடிப்பு. வெந்நீர்ப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக ஆணையிட்டான்.

"மரத்துக்குப் பக்கத்துல, அல்டோனா! முந்தாநாள் காரை அங்கதான் விட்டேன்!"

மரத்தின் இரண்டு பக்கமும் மேடு இருந்தது. அவள் இந்தப் பக்கத்து மேட்டில் பனி அள்ளும் ஷவலை இறக்கினாள். சக்கரம் தெரிய ஒரு பாடு, கதவு தெரிய ஒரு பாடு, தெருப்புழுதியோடு இறுகிக் கிடந்த முன்பக்கத்துக்கு மூன்று பாடு. கோட்டுக்குள் வியர்வை ஓடியது. கடைசியில் கதவுப் பூட்டைத் துடைத்துச் சாவியை நுழைத்தாள். நுழையவில்லை. உறைந்துவிட்டது என்று நினைத்து வாயால் ஊதினாள். பிறகு விட்டாஸின் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்துப் பூட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

"மிசஸ் ரிம்குஸ்," என்றது ஒரு குரல். பக்கத்து வீட்டுப் படியில் ஓலீதா மெய்பெரி, செவிலியர் உடுப்புக்கு மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். "என் வண்டிக்கு எதுக்குத் தீ வைக்கிறீங்க?"

அல்டோனா குனிந்து பார்த்தாள். சூட்டில் உறைபனி உருகிய இடத்தில் கதவு நீலம். அவர்களுடைய கார் பச்சை.

லைட்டர் பனியில் விழுந்தது. "ஐயோ, சத்தியமா இல்லீங்க! நான்… சாவி… மரத்துக்குப் பக்கத்துலன்னு அந்த மடையன்தான்…"

ஓலீதா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அந்த ஊரில் கறுப்பர்களின் வீடுகளுக்கு அப்படித் தீ வைத்தவர்கள் உண்டு என்பது இருவருக்கும் தெரியும். பிறகு சுத்தமாகத் தோண்டியிருந்த நான்கு சக்கரங்களையும் பார்த்தாள். சிரிப்பு அவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கொளுத்த வந்தவங்க யாரும் முதல்ல கழுவித் துடைச்சுக் கொடுக்க மாட்டாங்க!"

எதிர்வீட்டுப் பெரியவர் காஸிமிர் தன் வாசலிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "தோண்டினவங்களுக்குத்தான் வண்டி நிறுத்துற இடம்! பனி உருகுற வரைக்கும் அது அல்டோனா இடம். இந்தத் தெருவுல அதான் சட்டம்!"

"இடம் அவங்களோடது, சரி," என்றாள் ஓலீதா. "மேல நிக்கிற வண்டி என்னோடதாச்சே. அதுக்குச் சட்டம் என்ன சொல்லுது, பெரியவரே?"

காஸிமிர் யோசித்தார். இப்படியொரு வழக்கு அதுவரை வந்ததில்லை. குளிருகிறது என்று உள்ளே போய்விட்டார்.

ஓலீதா தன் வீட்டு ஷவலைக் கொண்டுவந்து மரத்தின் மறுபக்கத்து மேட்டில் இறங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து தோண்டினார்கள்.

"இந்தப் பனியில எங்க அவசரமா கிளம்பிட்டீங்க?"

"பல் டாக்டர்கிட்ட," என்றாள் அல்டோனா.

"பேரு கிரிம்ஸா?"

அல்டோனாவின் ஷவல் நின்றது.

"எனக்கும் அவருதான் பல்லைப் புடுங்கினார்," என்றாள் ஓலீதா, நிமிராமல். "உங்ககிட்ட 'ஓடுங்க'ன்னு சொல்ற அதே வாய்தான் எங்ககிட்ட 'ஓடி வாங்க, இடம் தீர்ந்துடும்'னு சொல்லுச்சு. உங்களுக்குப் பயத்தைக் காட்டி விலையை இறக்கி வாங்குவார். அதையே எங்களுக்கு ஏத்தி விப்பார்."

"எங்களைப் பார்த்து நீங்க… பயப்படலையா?" அல்டோனா என்னவோ கேட்க நினைத்து வேறு எதையோ கேட்டுவிட்டாள்.

"பயந்தேனே. தட்டை நீட்டிக்கிட்டு என் அடுப்புக்குப் பின்னாடி விரலை விட்டீங்க பாருங்க, அன்னிக்கு." அல்டோனாவின் முகம் செம்பருத்தியானது. ஓலீதா அதைக் கவனித்து ரசித்துவிட்டுச் சொன்னாள்: "நிஜப் பயம் வேற. வெள்ளைக்காரங்க நீங்க எல்லாரும் போயிட்டா நகராட்சி கண்டுக்காது, குப்பை வண்டி வாரம் தவறும். பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வரமாட்டாங்க. வனெட்டாவுக்காகத்தான் இவ்வளவு விலை கொடுத்து வந்தோம். வந்து சேர்ந்ததும் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனா என்ன லாபம்?"

ரீட்டாவுக்கும் அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பு.

பச்சைக் கார் வெளிவந்தபோது சந்திப்பு நேரம் தாண்டிவிட்டது. அல்டோனா அதில் ஏறவில்லை. ஓலீதாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை நேரம் நெருங்கியிருந்தது. நீலக் காரைக் கிளப்பிக்கொண்டு, "திரும்பி வர்றப்ப இடம் இருக்குமா?" என்று கேட்டாள்.

"போயிட்டு வாங்க. நான் பார்த்துக்கறேன்." அல்டோனா சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து காலியான இடத்தின் நடுவில் போட்டாள். அந்தத் தெருவில் அதற்கு மேல் பூட்டு எதுவும் தேவையில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு பளபளப்பான கார் உருண்டு வந்தது. கிரிம்ஸ் இறங்கினார், நாற்காலியைத் தூக்கிப் பனிக்குவியல் மேல் எறிந்தார், காரை அந்த இடத்தில் நிறுத்தினார். தோல்பையும் பேனாவுமாகப் படியேறினார்.

"நீங்க வரமுடியலைன்னு நானே வந்துட்டேன், மேடம்! ஒரே ஒரு கையெழுத்து."

அல்டோனா கதவைத் திறந்தாள். நீட்டிய பேனாவைப் பார்த்தாள். அவர் தோளுக்கு மேலாகத் தெருவையும் பார்த்தாள்.

"அது மெய்பெரி வீட்டு இடம்," என்றாள்.

"ஒரு நிமிஷ வேலைதானே மேடம், யாரு பார்க்கப்போறாங்க?"

அவரை விலக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடேயே படியிறங்கினாள். சுவரில் சாய்ந்திருந்த ஷவலை எடுத்தாள். குவியலில் ஆழமாக இறக்கி, ஷவல் நிறைய அள்ளி, பளபளத்த காரின் முன்கண்ணாடியில் கொட்டினாள். ஜன்னலில் விட்டாஸ் வெந்நீர்ப் பையோடு எட்டிப் பார்த்தான். அவள் அடுத்த அள்ளலுக்குக் குனிந்தாள்.