அம்மனுக்குக் கொடுத்த நாள்கள்

கலியாணமாகி ஏழு வருடம். கண்டாவளையில் குடியேறியபின் வயல் விளைந்தது, என் வயிறு மட்டும் நிறையவில்லை. "தைக்குள்ளை ஒண்டும் இல்லையெண்டால் என்ரை மகனுக்கு வேறை பொம்பிளை பார்ப்பன்" என்று மாமி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பிள்ளைவரம் கேட்டு அம்மனுக்குப் பிடித்துவந்த விரதத்தை நான் இன்னும் இறுக்கினேன். மாதாமாதம் தீட்டுக் கழிந்து தலைமுழுகிய கையோடு தொடங்கினால் இரண்டு கிழமை, பதினாலு நாள். விரதத்தில் புருசன் பெண்சாதி சேரக்கூடாதென்று அத்தனை நாளும் இவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வயற்காவல் கொட்டிலுக்குப் படுக்கப் போய்விடுவார்.

வேறு வழி தெரியாமல் வவுனியாவில் ஒரு லேடி டொக்டரிடம் போய் அழுதேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "மாசத்திலை ஒரு முட்டைதான் வெளிக்கிடும் பிள்ளை. அனேகமா அடுத்த தீட்டுக்கு ரெண்டு கிழமை முன்னம். அதுக்கு ஒரு நாள்தான் உயிர். அதுக்குள்ளை விந்தணு வந்து சேராட்டி அழிஞ்சுபோம். அந்த நாளுகளிலை உங்கடை அவர் எங்கை?"

"காவல் கொட்டிலிலை" என்றேன். சொல்லும்போதே விளங்கிவிட்டது. பிள்ளை தா என்று அம்மனிடம் கெஞ்சிக்கொண்டே, அவள் மாதாமாதம் தந்ததை நானே அழியவிட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் தலைமுழுகியதும், "இந்தமுறை விரதம் பிடிக்கேல்லை மாமி" என்றேன். அம்மன் கோவிப்பாவோ என்று பயம்தான். அந்தப் பயத்தோடேயே இவருடைய பாயை நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

மகள் பிறந்தபோது, ஏழு வருட விரதத்தின் பலன் என்று மாமி பொங்கல் வைத்தார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் பிள்ளைக்காக விரதம் பிடித்து மெலிந்த பெண்ணைக் கண்டால் இன்றும் கேட்காமல் இருக்க முடிவதில்லை: "உன்ரை மனிசன் எங்கை படுக்கிறவர்?"