ஓடாத மான்

"மிஸ், எங்கட தென்னந்தோட்டத்துல ஒரு புள்ளிமான் நிக்குது. ஆளைக் கண்டு ஓடுதுமில்ல. தொண்டையில என்னமோ சிக்கின மாதிரி வாயால வீணி வடியுது."

கனமூலையிலிருந்து ரபீக் நானா போன் எடுத்தபோது நான் மதுரங்குளிப் பக்கம் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கள உத்தியோகத்தர். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் தானே கைவைத்தியம் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொல்வார். அதனால் கேட்டேன்.

"கிட்டப் போனீங்களா நானா?"

"வாய்க்குள்ள கைய உட்டுத் தேடினன். ஒண்டுமில்ல."

டொக்டரோடு உடனே போனேன். மானின் கீழ்த்தாடை தொங்கியது. பின்னங்கால்கள் பின்ன, தென்னையில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. "விசர்நோய் போலத்தான்" என்றார் டொக்டர். நாய்க்கடியால் வரும், மூளையைத் தாக்கும் அந்த வைரஸ் எச்சிலில் இருக்கும். நானாவின் விரலிலோ முதல்நாள் முள்ளுக்கம்பி கிழித்த காயம்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். மனிதர் அசையவில்லை.

"மான் என்னக் கடிக்கல்லயே மிஸ். பொறகு ளுஹருக்கு ஒளுவும் எடுத்துட்டன். கை சுத்தம்."

நண்பகல் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவியதைச் சொன்னார். நானும் தொழுகிறவள்தான்.

"தொழுறத்துக்கு ஒளு போதும் நானா. இந்தக் கிருமிக்குச் சவர்க்காரமும் ஊசியும் வேணும். நோய் கண்டாப் பொறகு மருந்தில்ல."

அப்போதும் யோசித்தார். கதவடியில் நின்ற அவர் மனைவி, "எனக்கு இப்ப இத்தா இருக்க ஏலாது. எழும்புங்க" என்றார். கணவன் இறந்தால் மனைவி வீட்டோடு இருக்கும் காலம்தான் இத்தா. நானா சிரித்துவிட்டு எழும்பினார். குழாயடியில் நன்றாகக் கழுவவைத்து, எங்கள் வாகனத்திலேயே புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனோம்.

மான் அன்றே செத்தது. மூளையைப் பரிசோதிக்க, சூடு புகாத ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுத் தலையைக் கொழும்புக்கு அனுப்பினோம். விசர்நோய்தான் என்று ரிப்போர்ட் வந்தது. நானா ஊசிகளை ஒழுங்காகப் போட்டு முடித்த அன்று அவர் வீட்டிலிருந்து எனக்குத் தேங்காய்ப்பாலில் செய்த இனிப்பு வட்டிலப்பம் வந்தது. அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். காட்டு மிருகம் பயமில்லாமல் பக்கத்தில் வந்தால், பயப்பட வேண்டியது நாங்கள். தொடாமல் டொக்டருக்கு அறிவியுங்கள்.

நான் பென்ஷன் எடுத்த பிறகும் நானா போன் எடுப்பார். போன மாதமும் எடுத்தார்.

"மிஸ், தோட்டத்துல மானொண்டு வந்திச்சி."

"வந்து?"

"என்னக் கண்டதும் ஒரே பாய்ச்சல். ஆளே இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றோம் இரண்டு பேரும்.