அரைச்சுவருக்கு அப்பால் கேட்ட பாடம்

என் பிள்ளைகளே,

உங்கள் பெரியப்பா காலமாகி இன்றோடு ஒரு வருஷம். இந்த நினைவு மலரில் படித்தவர்கள் அழகாக எழுதியிருப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு கடைக்கு வந்தவன், தெரிந்ததை எழுதுகிறேன். யாரையும் லேசில் நம்பாதவன் உங்கள் அப்பா என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் குணத்தோடுதான் எழுதுகிறேன்.

பெரியப்பா பிறந்தது குரும்பூருக்குத் தெற்கே, பனங்காட்டுக்குள் ஒரு சிற்றூர். எங்கள் ஐயாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். எங்களில் ஒருவரைத்தான் படிக்கவைக்க முடிந்தது. பெரியப்பா பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்து, தூத்துக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார் ஆனார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நம்மோடுதான் இருந்தார்கள்.

சாயங்காலமானால் துறைமுகத்துக்குப் போய் மாலுமிகளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். சீமைப் பழைய பத்திரிகைகளைச் சுருட்டி எடுத்துவருவார்கள். யுத்த காலத்தில் அது போதாதா? கதர்க்காரர்கள் வெள்ளைக்காரனின் ஒற்றன் என்றார்கள். போலீஸார் கதர்க்காரர்களின் ஆள் என்றார்கள். சொந்தக்காரர்களோ வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகப்போகிறார் என்றார்கள். கடைக்கே வந்து கேட்டார் ஒருவர்.

“அண்ணாச்சி, ஒங்க அண்ணன் யாரு பக்கம்?”

“இப்போ சோத்துப் பக்கம் உக்காந்திருக்காவ. நீரு உப்பு வாங்க வந்தீரா, உளவு பாக்க வந்தீரா?”

பெரியப்பாவின் வகுப்பில் படித்தவர்கள் பாதிப்பேர் தோணிக்காரர்கள், சங்கு குளிக்கிறவர்கள் வீட்டுப் பையன்கள். “பரீட்சை பாஸ் பண்ணுதது பெருசில்லலே. தொரை முன்னால வாயைப் பொத்தாம ஒரு வார்த்தை பேசணும்” என்பார்கள் பெரியப்பா. அதற்காக ஒரு பாடமுறை வைத்திருந்தார்கள். ஒரு பையன் கப்பல் கம்பெனித் துரை. இன்னொருவன் தோணியை நடத்தும் தண்டல். துரை அதட்ட வேண்டும், தண்டல் எதிர்த்து வாதாட வேண்டும், எல்லாம் இங்கிலீஷில். தெருவில் போகிறவர்கள் “ஏ, தொரை பேசுதாரு டோய்!” என்று கேலி செய்ததில் பையன்கள் கூசிப்போனார்கள். அதனால் பெரியப்பா ஜன்னல்களைச் சாத்தினார்கள். சாத்தினதும் ஊருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

ஒரு நாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். “நாங்கள் ஏற்ற மாட்டோம், எங்களை அதிகாரம் செய்ய நீர் யார் என்று கத்தியது எந்தப் பையன்?” என்று கேட்டார். காற்று மோசமாக இருக்கும்போது சரக்கு ஏற்ற மறுக்கும் தண்டலின் வசனம் அது. சுதந்திரப் போராட்டம் என்று போலீஸார் ஊரெல்லாம் பையன்களைப் பிடித்துக்கொண்டிருந்த சமயத்தில் அது ராஜத்துரோகமாகப் போய்விட்டது. பையன் பெயரைச் சொன்னால் வாத்தியார் வேலை தப்பும் என்று நிர்வாகத்தார் காதோரம் சொன்னார்கள். பெரியப்பா, “வசனம் என்னுடையது. அவர்கள் ஒப்பித்தார்கள்” என்றார்கள். எந்தப் பையனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் முதல் பெரியப்பாவை வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஜன்னல் சாத்திய வகுப்பின் வசனம் வெளியே போனது எப்படி? வகுப்புகளை அடைத்திருந்த சுவர்கள் கூரைவரை எழும்பாத அரைச்சுவர்கள். இந்தப் பக்கம் ஒரு வாத்தியார், அந்தப் பக்கம் ஒரு வாத்தியார். இருவரில் ஒருவர்தான் கோள் சொல்லியிருக்க வேண்டும்.

“யாருன்னு தெரியுமா அண்ணே?”

“தெரியும்.”

“யாரு?”

“சொன்னா நீ அவன்கூடப் பேச மாட்ட.”

“நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், சும்மா சொல்லுங்க.”

“ஏலே, நீ ஒண்ணும் செய்ய மாட்ட. ஆனா அவனைத் தராசுல வச்சு நிறுத்துக்கிட்டே இருப்ப.”

அப்புறம் கடைக்குப் பின்கட்டில் துறைமுகக் குமாஸ்தாக்களுக்கு மாலைப் பாடம் நடத்தினார்கள். நெஞ்சு நோவு வந்து படுத்தபோது, அந்த இருவரில் ஒருவர் மதுரைக்குப் போய்விட்டிருந்தார். மற்றவர் வாரம் தவறாமல் பார்க்க வந்தார். பெயரை எழுதப்போவதில்லை. இந்த மலர் அவர் வீட்டுக்கும் போகிறது. அவர் வந்தால் பெரியப்பா எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். அவர் வர வர எனக்குச் சந்தேகம் கூடியது. அவர் கொண்டுவந்த டானிக்கை முகர்ந்து பார்த்துத்தான் கொடுப்பேன்.

“வெசம் இருந்தா கொஞ்சம் சீனி போட்டுக் குடுல, கசக்கு” என்பார்கள் பெரியப்பா.

கடைசிவரை சொல்லாமலே போய்விட்டார்கள்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், பாடை சுமந்த பழைய மாணவர்களுக்கும், புன்னைக்காயலிலிருந்து தோணி வேலையை விட்டுவிட்டு வந்தவர்களுக்கும் நம் குடும்பத்தின் நன்றி. கோள் சொன்னவரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம். அவர் சிந்திய கண்ணீர் மெய்யானால் அவருக்கும் நன்றி.

பெரியப்பாவை எடுத்த அன்று எல்லோரும் கலைந்த பிறகு, வாரம் தவறாமல் வந்த அந்த வாத்தியார் மட்டும் வாசற்படியில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. பிறகு சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்ற வழக்கத்துக்காகவா, வேறு எதற்காகவோ, தெரியவில்லை. குடையை மறந்து விட்டுப் போயிருந்தார்.

மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். வழியில் விரித்து உதறியும் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. அவர் வீட்டுக் கம்பிக்கதவின் முன் நின்றேன். உள்ளே யாரிடமோ மோர் கேட்டுக்கொண்டிருந்தார். கோள் சொன்னது நீர்தானா என்ற கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது. குடையைக் கம்பியில் மாட்டினேன். காற்றில் விழாதபடி பிடியை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பி வந்தேன்.