ஊதினால்தான் வண்டி எடுக்கும்

ஓடாத வண்டியை ஓட வைப்பதுதான் வண்டி எலக்ட்ரீஷியன் தொழில். நன்றாக ஓடுகிற வண்டியை ஓடவிடாமல் செய்யச் சொல்லியும் எனக்கு ஒரு காலம் வந்தது. பட்டறை வைத்திருப்பவர்களே, சரிசெய்து அனுப்பிய வண்டி மறுநாளே திரும்பி வந்து நிற்குமே, அதை அனுபவித்தவர்களுக்கு என் புலம்பல் புரியும்.

முதல் சிவப்பு

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. நாவலூர் ஆபீஸ் ஒன்றுக்கு ஆள் ஏற்றும் வேன்களில் ஒரு பெட்டி மாட்டச் சொன்னார்கள். டிரைவர் அதன் குழாயில் ஊத வேண்டும். மூச்சில் சாராயம் இல்லையென்றால் பச்சை விளக்கு, வண்டி கிளம்பும். இருந்தால் சிவப்பு, சாவியை எவ்வளவு திருகினாலும் அசையாது. எல்லாம் பெட்டியில் பதிவாகும். மாதம் ஒருமுறை நான் பார்த்து வேன் முதலாளியிடம் சொல்ல வேண்டும். மூன்று சிவப்பு விழுந்தால் டிரைவருக்கு வேலை போய்விடும்.

செய்யூர் கன்னியப்பன் நல்ல டிரைவர். ராத்திரி மட்டும் குடிப்பார். முதல் நாள் காலையிலேயே சிவப்பு. குளித்து, விபூதி பூசி வந்தவருக்கு நம்பவே முடியவில்லை. ராத்திரி குடித்தது விடிந்தும் உடம்பில் நிற்கும் என்றேன். "குட்ச்சது நேத்து, வண்டி எடுக்கிறது இன்னிக்கி. ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம் அண்ணாத்த?"

பழைய சோறு

அதே வாரம் இன்னொரு வேன் டிரைவர் டேனியல் வந்தார். பீடிகூடத் தொடாதவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவருக்கும் சிவப்பு. பெட்டியைப் பிரித்தேன், மாட்டினேன், தலையைச் சொறிந்தேன். கடைசியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். நன்றாகப் புளித்த பழைய சோறு, ஒரு சொம்பு நீராகாரத்தோடு. சாப்பிட்ட கையோடு ஊதியிருக்கிறார்.

வாயைக் கொப்பளிக்க வைத்து, கால் மணி நேரம் உட்கார வைத்தேன். பச்சை. முதலாளியிடம் சொல்லி அந்தச் சிவப்பைத் தள்ள வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. டேனியல் அமைதியாகக் கேட்டார்: "சோத்துக்கே சந்தேகப்பட்டா, மனுசன் இன்னாத்த துண்ணுட்டு வேலைக்கி வர்றது?"

வெற்றிலைக் கறை

கன்னியப்பனுக்கு இரண்டாவது சிவப்பும் விழுந்தது. அதன்பிறகு தினமும் பச்சை. ஆனால் ஆள் பக்கத்தில் வந்தால் நாற்றம் அப்படியே இருந்தது. பெட்டி பழுதா, என் மூக்கு பழுதா? இரண்டு நாள் தூக்கமில்லை. குழாயைக் கழற்றிப் பார்த்தால் வெற்றிலைக் கறை. அவருக்கோ வெற்றிலைப் பழக்கமே கிடையாது.

செய்யூருக்கே போனேன். வேன் வாசலில் நின்றது. அவர் மனைவி கஸ்தூரி வெற்றிலை மென்றுகொண்டே வெளியே வந்தாள். பின்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வருகிறார்களே அம்மா என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளியிடம் சொன்னால் இவர்கள் அடுப்பு அணையும், சொல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேர். இனி ஊதுவதில்லை என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். செய்தது சரியா தெரியவில்லை. அவள் சொன்னது இதுதான்: "அது மூச்சுதான கேக்குது, குட்த்தேன். மூணாவது செவப்பு வுழுந்தா எங்க கதி இன்னாண்ணா?"

கழற்றிய நாள்

மனைவி ஊதிக் கொடுப்பது நின்றதும், கன்னியப்பன் குடிப்பதைச் சனிக்கிழமை ராத்திரி மட்டும் என்று குறைத்துக்கொண்டார். திருந்தினாரா, பயந்தாரா என்று பிடிபடவில்லை. மூன்றாவது சிவப்பு விழவே இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து நாவலூர் சவாரி கைவிட்டுப் போனது. வேன்களை மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் ஏற்ற விட்ட முதலாளி, பெட்டிகளைக் கழற்றச் சொல்லிவிட்டார். செய்யூரில் அவர்கள் வாசலில் நின்ற வேனில் நான் திருகாணியில் கை வைக்கும்போது கஸ்தூரி பக்கத்தில் நின்றாள். "கயட்டறதுதான் கயட்டற, எங்க வூட்டு வாசக்கதவுல மாட்டிக் குட்த்துட்டுப் போண்ணா."

கேட்டு வந்தவர்

அதன்பிறகு கன்னியப்பனின் வேன் ராத்திரியில் என் பட்டறைப் பக்கத்திலேயே நின்றது. பத்து நாள் இருக்கும். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கிய கன்னியப்பன், வேனுக்குப் போகாமல் என்னிடம் வந்தார். அலமாரியில் கிடந்த பெட்டிக்கு பேட்டரி கொடுக்கச் சொன்னார். ஊதினார். சிவப்பு.

நான் மட்டும்தான் பார்த்தேன். வண்டியை எடுத்திருந்தால் தடுக்க எதுவும் இல்லை. அவரோ முதலாளிக்கு போன் போட்டு, குடித்திருக்கிறேன், வேறு ஆளை அனுப்புங்கள் என்றார். அந்தப் பக்கம் விழுந்த திட்டு எனக்கே கேட்டது. வேலை இருக்கிறதா போனதா என்று சொல்லாமலே முதலாளி போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்றும் தெரியவில்லை. சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "அது வேணாம்னா நின்னுடறேன் அண்ணாத்த. நானே எனக்குச் சொன்னா, கேக்க மாட்டேன்றேன்."

பெட்டியைக் கழற்றிய பிறகுதான் அது வேலை செய்ததா, இல்லை கழற்றியதால்தான் அவர் மறுபடி குடித்தாரா என்று யாராவது கேட்டால், நான் வயரை மட்டும் பார்க்கிறவன் என்று சொல்லி நழுவிவிடுகிறேன்.